இருபத்தெட்டு

கதவைத் திறந்ததும் புரோக்கர் ஆல்துரை
நேராக சன்னலுக்குத்தான் கூட்டிப் போனார்.
"மேகம் விலகட்டும் மேடம்,
அருவி வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும்."
மேகம் விலகவில்லை.
நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

கோத்தகிரி பஸ் நிலையத்திலிருந்து நடை தூரம்.
மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று:
ஏழாயிரத்து ஐந்நூறு, ஆறாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு.
பதினெட்டாயிரம் என்று அவர் சொன்னபோது
வருடம் முழுக்க மூன்று வீட்டிலும் விளக்கு எரிந்தது.
என் நோட்டில் வருடத்துக்குப் பதினோரு மாதம்தான்.
யாராவது ஒருவர் எப்போதும்
காலி செய்துகொண்டிருப்பார்கள்.
வரி ஆறாயிரம்.
ஈரத்துக்கு இருபத்து நாலாயிரம்.
மிச்சம் ஒன்று அறுபத்தெட்டு.

குரியாகோஸ் சார் கேட்பது முப்பத்தெட்டு லட்சம்.
வகுத்தால் நாலரைகூடத் தேறவில்லை.
வங்கி கேட்பது ஒன்பதேகால்.
ஒன்பதேகாலுக்கு வாங்கி நாலரைக்கு விடுவதற்குப்
பெயர் தர்மம்,
அதற்குப் பத்திரம் பதியத் தேவையில்லை.

"சீசனுக்கு விடுங்க, ஒரு ராத்திரிக்கு மூவாயிரம்."
"ஜூலையில்?" என்றேன்.
அவர் குடையை உதறினார்.

"அப்ப மேல் வீட்டை அஞ்சு லட்சத்துக்கு ஒத்திக்கு விடுங்க.
வட்டியே இல்ல."
ஒத்தி என்றால் வாடகை வராது.
வருடத்துக்குத் தொண்ணூறாயிரம்.
வட்டி இல்லை என்ற சொல்லுக்குள்
பதினெட்டு வட்டி கால்மேல் கால் போட்டு
உட்கார்ந்திருந்தது.

மேல் வீட்டு ஸ்டெல்லாமேரி
நைட் டியூட்டி முடித்துத் தூங்காத கண்களோடு
படியிறங்கி வந்து மெல்லச் சொன்னாள்:
தண்ணி ஒம்பது நாளைக்கு ஒருக்கா.
பின்னாடி தடுப்புச் சுவர் ஓட்டைய எல்லாம்
எவனோ சிமெண்ட் வெச்சு அடைச்சிட்டான்,
தண்ணி போக வழியில்லாம
சுவர் வயிறு தள்ளி நிக்குது, பாருங்க.
பார்த்தேன். ஏழு மாதம் இருக்கும்.
ஏன் சொல்கிறாள் என்றும் யோசித்தேன்.
நான் கொடுக்கும் விலை குறைந்தால்
தன் வாடகை ஏறாது என்று
அவளும் எங்கோ ஒரு நோட்டு வைத்திருக்கிறாள்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர்
வண்டிச் சாவியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார்,
டாக்டர் முதுகைத் தட்டுவது போல.
மேல்மாடிக்கு அனுமதி இல்லையாம்.
வங்கியின் கண்ணில் ஸ்டெல்லாமேரி
மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்து
ஆகாயத்தில் குடியிருக்கிறாள்.
பதினாலு லட்சம்தான் தருவார்கள்.
பதினைந்து வருடம்,
தவணை பதினாலாயிரத்து நானூற்று ஒன்பது.
வீடு கொடுப்பது பதினாலாயிரம்.
அரைக் கிலோ ஆட்டுக்கறிக் காசு
கையிலிருந்து போகும்.
அதற்காக மூன்று ராத்திரி தூங்கவில்லை.

இன்னொரு பதினாலு என்னிடம் இருக்கிறது:
பி.எஃப்., கடைசியாக எடுத்த சீட்டு.
பத்திரச் செலவுக்கு வளையல்.

அப்பா தோட்ட லைனில்
முப்பத்தொரு வருடம் வாடகை கொடுக்கவில்லை.
ஓய்வு பெற்ற மறுநாள் சாவி கேட்டார்கள்.
வாடகை இல்லாத வீட்டின் விலை
அன்றைக்குத்தான் தெரிந்தது.
அதனால் ஒப்பந்த நகலில்
"ஒரு மாத நோட்டீஸ்" என்பதை அடித்து
மூன்று என்று எழுதியிருக்கிறேன்.
அந்த மூன்றுக்கு எந்தக் கட்டத்தில்
என்ன எண் போடுவது?
இரண்டு தடவை போட்டு அழித்தேன்.

போனில் குரியாகோஸ் சார் சிரித்தார்.
"முப்பத்து நாலு."
இருபத்தெட்டு, என்றேன்.
"சரி, உங்களுக்காக முப்பத்தொண்ணு."
இருபத்தெட்டு.
"வீடுன்னா வெறும் கணக்கா?"
விற்கிறவர்கள்தான் எப்போதும் இதைக் கேட்கிறார்கள்.
கட்டபெட்டு வளைவில் சிக்னல் போனது.

சிக்னல் வந்ததும் முதலில் வந்தது
ஸ்டெல்லாமேரி.
"வாங்கிட்டீங்களாக்கா?"
இன்னும் இல்லை.
"வாங்கினா முதல்ல
அந்த ஓட்டைகளத் திறந்து விடுங்க."

கொத்தனார், கம்பி, ஒரு வாரக் கூலி,
இருபத்தையாயிரம் ஆகும்.
பஸ் குலுங்கக் குலுங்க
இருபத்தெட்டை அடித்துவிட்டு
இருபத்தேழே முக்கால் என்று
எழுதினேன்.